வீட்டையும் கடலையும் கீறி அச்செடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் சிலர் கூடிப் படம் கீறுகிறோம், லினோ என்ற தரைவிரிப்புத் துண்டில் அதை வெட்டி அச்செடுக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், காத்தான்குடியிலிருந்து வரும் சகோதரிகள் இருவர், பிறகு என் மாமி. கீறுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: வீட்டு ஆட்கள், கடற்கரை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

எனக்குப் படம் கீறவே வராது. நான் இதுக்குள்ள வரலாமா?

வரலாம். "வராது" என்று சொல்கிறவர்கள், கண்ணும் மூக்கும் அச்சொட்டாக வராது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். லினோ அச்சுக்கு அது அவ்வளவு தேவையில்லை. இதில் சாம்பல் நிறமே கிடையாது. ஒரு இடம் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. எதை விடுவது, எதை வெட்டி எடுப்பது என்று முடிவு செய்யத் தெரிந்தால் போதும். பென்சிலால் அழகாக நிழல் போடத் தெரிந்தவர்கள்தான் முதல் மாதம் திண்டாடுகிறார்கள்.

நம் பக்கத்துப் பேச்சில் படத்தை யாரும் வரைவதில்லை, கீறுகிறோம். கத்தியால் கோடு இழுப்பதும் கீறுவதுதான். அந்தச் சொல் பென்சில் பிடித்த கையை விட உளி பிடித்த கைக்குத்தான் பொருத்தம் என்று எனக்குப் படும்.

லினோ என்டா என்ன? நிலத்துக்கு விரிக்கிறதா?

அதேதான். 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்ட்டன் என்பவர் தரைவிரிப்புக்காகக் கண்டுபிடித்தது லினோலியம். ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப் படவைத்துக் கெட்டியாக்கி, தக்கைத் தூளோடு பிசைந்து, சணல் துணியின் மேல் பரப்புவார்கள். மரத்தில் நார் ஓடும் திசை உண்டு. அதற்குக் குறுக்கே வெட்டினால் சிம்பு கிளம்பும். லினோவில் அந்தத் தொல்லை இல்லை, உளி போன போக்கில் வெட்டலாம். இன்று கடையில் சுருளாக விற்கும் பளபளப்பான தரை ஷீட் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் உளி வழுக்கும், வாங்கிவிடாதீர்கள். சித்திரச் சாமான் கடையில் லினோ என்று கேட்டால், மண்ணிறத்திலோ சாம்பலாகவோ பின்னால் சணல் துணியோடு ஒன்று தருவார்கள்.

இதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்க ஆசையென்றால் நந்தலால் போஸ் 1930இல் வெட்டிய காந்தியின் படத்தைத் தேடிப் பாருங்கள். உப்பெடுக்கக் கடலுக்கு நடந்த காலத்துப் படம். கறுப்புப் பின்னணி, கையில் தடி, சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். ஆனாலும் மனிதர் நடக்கிறார்.

அச்சு எப்பிடி விழுது? ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியா?

ரப்பர் ஸ்டாம்ப் மாதிரித்தான். வெட்டி எடுத்த இடம் பள்ளம், அங்கே மை படாது, தாளில் வெள்ளையாக வரும். வெட்டாமல் விட்ட மேட்டில் மை ஏறும். ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் மை வைத்து ரோலரால் உருட்டுங்கள். புடவை உரசுவது போல மெல்லிய சத்தம் வந்தால் பதம் சரி. சளசளவென்று கேட்டால் மை கூட. பிறகு லினோவின் மேல் உருட்டி, தாளை வைத்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் மூலைமுடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். இயந்திரம் எதுவும் வேண்டாம். கை நோகும், அதுவும் ஒரு கிழமைக்குத்தான்.

கையில சாமான் ஒண்டும் இல்ல. வீட்டில இருக்கிறத வச்சுத் தொடங்கலாமா?

தொடங்கலாம். நாங்கள் புதியவர்களுக்கு லினோவைக் கொடுப்பதே இரண்டாம் மாதம்தான். முதலில் றெஜிபோம் (தெர்மோகோல்). சாப்பாட்டுப் பெட்டி மூடியின் சமதளமான பகுதியை வெட்டி எடுத்து, பழைய பேனாவால் அழுத்திக் கீறினால் கோடு பள்ளமாகிவிடும். அடுத்தது கடற்கரையில் ஒதுங்கும் சிலிப்பர். நாவலடியிலிருந்து கல்லடி வரை அரை மணி நேரம் நடந்தால் ஒற்றைச் சிலிப்பர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைக்கும். கழுவிக் காயவைத்து, அடிப்பாகத்தைக் கூரான கத்தியால் வெட்டி முத்திரை ஆக்கலாம். ஒரு பிள்ளை அதில் வெட்டிய நண்டை இன்னும் எங்கள் அறிவித்தல்களில் குத்துகிறோம்.

ரோலர் இல்லாவிட்டால் பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் உருண்டையாகக் கட்டி, மையைத் தொட்டுத் தொட்டுத் தட்டுங்கள். தாளுக்குப் பட்டம் கட்டும் மெல்லிய தாள் அருமையானது. தடித்த தாளைவிடக் கரண்டிக்குச் சுலபமாக இணங்கும்.

உளி கைய வெட்டிப்போடுமே, பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?

பத்து வயதுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை, அவர்களுக்கு றெஜிபோம். மற்றவர்களுக்கு ஒரே விதி: பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால். லினோவைத் திருப்புங்கள், கையைத் திருப்பாதீர்கள். மழுங்கிய உளிதான் ஆபத்து, ஏனென்றால் நாம் அதிகமாகத் தள்ளுவோம். லினோ விறைப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். குளிர்நாடுகளில் இதற்கு இஸ்திரிப்பெட்டி எடுப்பார்கள். நமக்கு முற்றம் போதும்.

என்னத்தக் கீறுறது? எங்கட வீட்டில கீற என்ன இருக்கு?

இதைக் கேட்காதவர் இல்லை. பதிலும் எப்போதும் ஒன்றுதான்: இன்று வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்களோ அதைக் கீறுங்கள். "அம்மா, கொஞ்சம் இருங்க, கீறப்போறன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் உடுப்பைச் சரிசெய்வார், தலையைத் தடவிக்கொள்வார், போட்டோவுக்கு இருப்பது போல விறைத்துப்போவார். அது உங்கள் அம்மா இல்லை.

வேலையில் ஒரு வசதி இருக்கிறது, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். என் அம்மா திருவலையில் குந்தித் தேங்காய் திருவும்போது வலது தோள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏறும் நேரத்தில் மட்டும் பார்த்துக் கீறினால் பத்துத் தரத்தில் தோள் பிடிபட்டுவிடும். மீன் வெட்டும்போது முகத்தைச் செதிலுக்காகச் சற்றுத் திருப்பிக்கொள்வார். அந்தத் திருப்பலைத்தான் ஊரில் எவரும் அம்மா என்று அடையாளம் கண்டார்கள், மூக்கை வைத்து அல்ல.

ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். அழிறப்பரைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்தில் எட்டுப் பத்து சிறு கீறல்கள் சேரட்டும். அடுத்த நாள் பாருங்கள், அவற்றில் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கும். லினோவுக்குப் போவது அது.

கரைவலை இழுக்கிற ஆக்கள் ஒரு இடத்தில நிக்க மாட்டாங்களே. எப்பிடிக் கீறுறது?

திருவலை பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும். கரையில் நின்று வலைக் கயிற்றைப் பிடித்து இருபது பேர் பின்னால் சாய்கிறார்கள் என்றால் அது கிட்டத்தட்ட ஒரே ஆள், இருபது தரம். ஒருவரின் சாய்வைப் பிடித்துவிட்டால் மற்றவர்களைச் சின்ன வித்தியாசங்களோடு அடுக்கலாம். அம்பா (வலை இழுக்கிறவர்கள் சேர்ந்து பாடும் பாட்டு) பாடினால் இன்னும் வசதி, எப்போது சாய்வார்கள் என்று காதே சொல்லிவிடும்.

நேரத்தைப் பாருங்கள். நமக்கு வெயில் கடலிலிருந்து வருகிறது. விடிந்து ஒரு மணி நேரம் வரைக்கும் தோணியும் ஆட்களும் வெளிச்சத்துக்கு முன்னால் முழுக் கறுப்பாக நிற்பார்கள். கறுப்பு எது, வெள்ளை எது என்று சூரியனே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. எட்டரை மணிக்குமேல் எல்லாம் தட்டையாகிவிடும். பின்னேரம் வெயில் வாவிப் பக்கம் போய்விடுவதால் நுரை பளிச்சென்று தெரியும், அது அலைக்கு நல்ல நேரம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கரைவலையைத் தேடிப் போகாதீர்கள். கடல் கொந்தளித்துக்கொண்டு இருக்கும், ஆட்கள் வலை பொத்திக்கொண்டு நிழலில் இருப்பார்கள். வலை பொத்துகிறவரைக் கீறுவது இழுப்பவரைக் கீறுவதைவிடச் சுலபம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேட்டுவிட்டுக் கீறுங்கள். கேட்டால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. கேட்காமல் கீறியதற்கு நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

நான் கடலக் கீறினா வெறும் வளைஞ்ச கோடா வருது. ஏன்?

கடலைக் கீறப் பார்ப்பதால். கடலின் ஓரங்களைக் கீறுங்கள்: நுரை முடியும் இடம், நனைந்த மணல் கறுத்திருக்கும் இடம், தோணியின் அடியில் தண்ணீர் உரசும் இடம். நடுவில் வெறும் கறுப்பாக விட்டாலும் பார்க்கிறவர் அதைக் கடலாக்கிக்கொள்வார்.

இன்னொன்று. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 அளவில் செய்த பேரலை மர அச்சை எல்லோரும் கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். அதனால் கல்லடி அலைக்கும் நகம் முளைத்துவிடுகிறது. நம் அலை அப்படியா இருக்கிறது? கரைக்குக் கிட்ட வந்து குட்டையாக நிமிர்ந்து தொப்பென்று விழுகிற அலை. போய்ப் பார்த்துக் கீறுங்கள்.

எல்லாம் இடம் வலம் மாறி வந்திட்டு. நான் எங்க பிழை விட்டன்?

எங்கேயும் இல்லை, அச்சு எப்போதும் கண்ணாடி போலத் திருப்பித்தான் விழும். அம்மா இடது கையால் மீன் வெட்டினால் பெரிதாகத் தெரியாது, ஆனால் எழுத்தும் ஊரும் காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் பெரிய அச்சு கல்முனை நோக்கிப் போகும் தெரு. அப்படிப் போகும்போது கடல் இடப்பக்கம், வாவி வலப்பக்கம். என் படத்தில் கடல் வலப்பக்கம் இருந்தது. தபால்கார ஐயா பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தத் தெருவால போனா ஏறாவூர்தான் வரும்" என்றார். தோணியின் பெயரும் தலைகீழ்.

வழி சுலபம். படத்தை எண்ணெய்த் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்து வைத்து, கார்பன் பேப்பரால் லினோவுக்கு மாற்றுங்கள். எழுத்து இருந்தால் வெட்டுவதற்கு முன் முகக்கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கண்ணாடியில் சரியாக வாசிக்க முடிந்தால் தாளிலும் சரியாக வரும்.

மட்டக்களப்பு என்டா மீன்மகளும் கல்லடிப் பாலமும்தானே? அதக் கீறினா என்ன?

கீறுங்கள், தடையில்லை. ஆனால் யாழ் மீட்டும் மீன்மகள் இந்த ஊரில் போதுமான அளவு இருக்கிறாள். பாலம் வேறு விஷயம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் நேர்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, லினோவில் நேர்கோடுதான் கடினம். உளியை விட்டு, இரும்பு அடிமட்டம் வைத்துக் கூர்க்கத்தியால் இருபக்கமும் சாய்த்துக் கீறி எடுக்க வேண்டும். பாலத்தில் நின்று தூண்டில் போடும் ஆளோடு சேர்த்துக் கீறினால் அது பார்ப்பதற்கு இன்னும் நன்றாக இருக்கும். பாலத்தை மட்டும் என்றால், அஞ்சலட்டை.

மை ஒரு நாள் உடன காயுது, ஒரு நாள் காயவே மாட்டன் என்டுது. ஏன்?

காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் அடிக்கும் (தின்கிற கச்சான் இல்லை). தென்மேற்கிலிருந்து வந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம்மிடம் இறங்கும் காற்று. அப்போது தண்ணீர் மை ரோலரிலேயே காய்ந்துவிடும், தாளைப் பிய்க்கத்தான் வேண்டும். மருந்துக்கடை கிளிசரின் சில துளி கலந்தால் தாக்குப்பிடிக்கும். விடியற்காலையில் அச்செடுப்பது அதைவிட நல்லது. வாடை மாதங்களில் நேரெதிர், தாளே ஈரமாக இருக்கும், எண்ணெய் மை காயக் கிழமைக் கணக்கில் எடுக்கும். கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

எண்ணெய் மைக்கு அச்சகங்களில் டின்னின் அடியில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கலாம், நாங்கள் அப்படித்தான். கழுவும்போது முதலில் சமையல் எண்ணெய், பிறகு சவர்க்காரம். துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியல் தானாகவே தீப்பற்றலாம். விரித்துப் போடுங்கள். உளிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் பூசி வையுங்கள், உப்புக்காற்று ஒரே வாரத்தில் துருவேற்றிவிடும்.

மீனையே மையில போட்டு அச்செடுக்கலாமாம், உண்மையா?

உண்மை. 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் பிடித்த மீனின் அளவைப் பதிந்துவைக்கக் கண்டுபிடித்த வழி, கியோத்தக்கு என்பார்கள். மீனை உப்புப் போட்டுக் கழுவி, வழுவழுப்புப் போகத் துடைத்து, செட்டைகளை விரித்துக் குண்டூசி குத்தி, மையை மெல்லிசாகப் பூசி, மெல்லிய தாளை மேலே போட்டு விரலால் தடவ வேண்டும். கண்ணைப் பிறகு தூரிகையால் வைப்பார்கள். செதில் பெரிதான திலாப்பியாவும் விளைமீனும் நன்றாக விழும். திருக்கையும் அழகு, ஆனால் முள்ளை முதலில் எடுத்துவிடுங்கள்.

மையாக கணவாய் மையையே எடுத்தால் மீனைக் கழுவிச் சமைக்கலாம். சீப்பியா என்று பெட்டியில் எழுதியிருக்கும் மண்ணிறம் முன்பு கணவாய் மையிலிருந்துதான் வந்தது. மணக்கும். வீட்டில் பூனை இருந்தால் படத்தை உயரத்தில் தொங்கவிடுங்கள். அச்சக மை பூசினீர்களானால் அந்த மீனைச் சாப்பிடாதீர்கள்.

எங்கட வீட்டில ஆக்கள்ட உருவம் கீற விட மாட்டாங்க. மறுகா எப்பிடிக் குடும்பத்தக் கீறுறது?

இதில் நான் வாதாட மாட்டேன், வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். காத்தான்குடிச் சகோதரிகளின் வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம், வாசற்படியில் கிடந்த செருப்புகளை மூத்தவள் கீறினாள். வாப்பாவுடையது குதி தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது, உம்மாவுடையது ஒழுங்காகச் சோடியாக, தம்பியுடையது ஒன்று படியில், மற்றது முற்றத்தில். ஆள் எண்ணிக்கை, வயது, குணம் எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் விறாந்தையில் எடுத்த குடும்பப் படங்களில் அதுதான் ஆகச் சிறந்தது என்பது என் எண்ணம். உருவம் கீறத் தடையில்லாத வீட்டுக்காரர்களுக்கும் இப்போது அதைப் பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

சுனாமியில போன ஆக்கள்ட ஒரு போட்டோ கூட இல்ல. ஞாபகத்தில இருந்து கீறலாமா?

2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் ஆட்களை மட்டும் கொண்டுபோகவில்லை, அல்பங்களையும் கொண்டுபோனது. அதனால் இந்தக் கேள்வி மெதுவாக, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் வரும். கீறலாம். முகத்தில் தொடங்காதீர்கள். முகம் ஞாபகத்தில் முழுதாக நிற்பதாகத்தான் தெரியும், பென்சிலை வைத்ததும் நழுவிவிடும். அது மிகவும் நோகும். அவர் எப்படி நிற்பார், எப்படிக் குந்துவார், எந்த இடுப்பில் பிள்ளையைத் தூக்குவார், அங்கே தொடங்குங்கள். நாவலடியில் அக்காவை இழந்த ஒருவர் இங்கே கீறியது முதுகைத்தான்: நீளப் பின்னல், ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, குடம். தங்கைக்குத் தெரிந்தது அதுதான், எப்போதும் பின்னாலேயே போனவர்.

கேத்தே கொல்விட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியரின் மகன் பீற்றர் 1914 ஒக்டோபரில் போரில் இறந்தான். அவர் செப்புத்தகட்டிலும் கல்லிலும் முயன்று பார்த்து, சரிவராமல், கடைசியில் மரத்தில் வெட்டத் தொடங்கினார். ஏழு மர அச்சுகள், 1921, 22இல் முடித்தார். அத்தனை வருடம் எடுத்தது. அவற்றில் ஒன்றில் தாய்மார் பிள்ளைகளை நடுவில் வைத்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நிறம் போடலாமா?

போடலாம். ஒரே லினோவில் கொஞ்சம் வெட்டி, வெளிர் நிறத்தில் தேவையான பிரதிகள் எல்லாம் எடுத்து, இன்னும் வெட்டி அதன் மேலேயே அடுத்த கடும் நிறத்தை அடிப்பது ஒரு முறை. பிக்காசோ 1950களின் கடைசியில் இப்படி நிறையச் செய்தார். திரும்பிப்போக முடியாது, முதல் நிறத்துக்குப் பிறகு அந்தக் கட்டம் லினோவில் இருக்காது. தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார அட்டையில் ஒரு மூலை ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் வருடம் கறுப்பே போதும் என்பேன்.

பத்துப் பிரதி எடுத்தா எது ஒரிஜினல்? அடியில 3/20 என்டு எழுதுறாங்களே, அது என்ன?

பத்துமே மூலம்தான், லினோ என்பது படம் இல்லை. 3/20 என்றால் இருபது பிரதியில் இது மூன்றாவது, பென்சிலால் எழுதுவது வழக்கம். இருபது என்று எழுதிய பிறகு இருபத்தோராவது எடுக்கக் கூடாது.

எத்தனை எடுப்பது என்பதற்கு எங்கள் விறாந்தையில் ஒரு கணக்கு இருக்கிறது: சொந்தக்காரர் எத்தனை நாட்டில் இருக்கிறார்களோ அத்தனை, அதோடு வீட்டுக்கு மேலதிகமாக ஒன்று. அம்மா தேங்காய் திருவும் படம் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் லண்டனிலும் மூன்று சமையலறைகளில் தொங்குகிறது. ஒன்றைப் பெற்றவர் மற்றவரைப் பார்த்துப் பொறாமைப்பட வழியில்லை, அச்சின் பெரிய நன்மை இது.

விக்கலாமா?

விற்கலாம். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வாங்குகிறார்கள். படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, கரைவலைக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு. முந்திய கேள்வியில் பேசிய படத்தை விற்பதா என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் விற்கவில்லை.

அம்மா தன்ட படத்தப் பாத்திட்டு "என்னகா, என்னக் கரியாக்கிப் போட்டாய்" என்டு கோவிச்சிட்டா. என்ன செய்யிறது?

எல்லா வீட்டிலும் நடக்கும். புதியவர்கள் முகத்தை வெட்டாமல் விட்டு, கண், மூக்கு, வாயை மட்டும் வெள்ளைக் கோடாக எடுத்துவிடுகிறார்கள். மை ஏறியதும் முகம் முழுக் கறுப்பு. மாற்றிச் செய்யுங்கள்: முகத்தின் வெளிச்சப் பக்கத்தை முழுவதும் வெட்டி எடுத்து, மூக்கோரம், கண்மடல், கன்னத்துக் கீழ் நிழல் இவற்றை மட்டும் மேடாக விடுங்கள். உளி வேலை மூன்று மடங்கு, ஆனால் வீட்டில் சமாதானம். கறுத்த முகத்தில் வெள்ளைக் கோடு எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை, நந்தலாலின் காந்தியும் அப்படித்தான்.

என் அம்மாவிடம் இந்த விளக்கம் எடுபடவில்லை. மீன் வெட்டும் அச்சைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மீன் நல்லா வந்திருக்கு" என்றார். அதைக் குசினிக் கதவுக்குப் பின்னால், கதவைத் திறந்தால் மறைகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்.